பாட்டியின் பெயரால்

லஞ்ச வழக்கில் தண்டனை பெற்ற ஓர் அதிகாரியை, "அவரையே திரும்பக் கொண்டு வாருங்கள்" என்று ஊர் ஜனங்கள் கேட்ட சம்பவம் உலக சரித்திரத்தில் அதிகம் இராது. ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் அப்படி ஒன்று நடந்தது. 1960-களின் பிற்பகுதியில் அந்த ஊர்க் கார்களின் பின்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. திருட்டு மதிப்பீட்டு அதிகாரியை மறுபடியும் அழைத்து வரும்படி அது கோரியது. வேடிக்கைக்காக ஒட்டினார்கள் என்பது உண்மைதான். ஆனால் புது வீட்டு வரிச் சீட்டைக் கையில் வாங்கியவர்களுக்கு அந்த வேடிக்கையில் பாதிக்கு மேல் அழுகை.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். வரிச் சட்டம் படிக்க வேண்டும் என்று எனக்குத் தலையெழுத்து இல்லை. ஆனாலும் இந்த விவகாரத்தைப் படிக்க ஆரம்பித்தபோது புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. ஒரு நாவலுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. வீட்டை இழந்துவிடுவோமோ என்று நடுங்கும் கிழவி இருந்தாள். லஞ்சம் வாங்கியும் உபகாரம் செய்த ஒரு கள்ளன் இருந்தான். அவனைப் பிடித்த யோக்கியர்கள் இருந்தார்கள். அந்த யோக்கியர்களால் வந்த கெடுதலும் இருந்தது.

முதலில் வீட்டு வரியைப் பற்றி ஒரு வார்த்தை. வருமான வரி சம்பாதிக்கிறவனைப் பார்த்து வருகிறது. விற்பனை வரி கடைக்குப் போகிறவனைப் பார்த்து வருகிறது. வீட்டு வரி ஒன்றுதான், சம்பாத்தியம் ஓய்ந்து, கடைக்குப் போவதையும் குறைத்துக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரைத் தேடிக்கொண்டு வருகிறது. அடுத்த தெருவில் எவனோ ஒருவன் தன் வீட்டை நல்ல விலைக்கு விற்கிறான். உடனே இவருடைய வீட்டின் மதிப்பும் ஏறுகிறது. மதிப்பு ஏறினால் வரி ஏறுகிறது. இவர் பணக்காரராகிவிட்டார் என்று சர்க்கார் கணக்கு சொல்கிறது. வாஸ்தவம்தான். ஆனால் உலையில் அரிசிக்குப் பதிலாக நிலைப்படியை வெட்டிப் போட முடியுமா? வீட்டை விற்றால்தான் அந்தப் பணம் பணம். விற்றுவிட்டு எங்கே போவது?

இந்த இடைஞ்சலைக் கலிபோர்னியா மாகாணத்தில் வெகுகாலம் சட்டத்தைக் கொண்டு தீர்க்கவில்லை. ஆளைக் கொண்டு தீர்த்தார்கள். அங்கே ஒவ்வொரு ஜில்லாவுக்கும் சொத்து மதிப்பீட்டு அதிகாரி ஒருவர் உண்டு. அவரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். எல்லாச் சொத்தையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட வேண்டும் என்பது ஏட்டில் இருந்த விதி. நடப்பு வேறு. வீட்டுக்காரர்களுக்கு ஓட்டு உண்டு, கட்டடங்களுக்கும் கம்பெனிகளுக்கும் ஓட்டு இல்லை என்பதை மதிப்பீட்டு அதிகாரிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஆகவே வீடுகளைக் குறைவாகவும் வியாபாரச் சொத்துக்களை அதிகமாகவும் மதிப்பிட்டார்கள். பல வருஷமாக ஒரே வீட்டில் இருப்பவரின் பக்கத்தைப் புரட்டாமலே விட்டார்கள். ஸான் பிரான்ஸிஸ்கோவில் வீடுகளின் மதிப்பீடு சந்தை விலையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. வியாபாரக் கட்டடங்களுக்கு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

இது தர்மமா என்றால், தர்மம் இல்லை. சட்டப்படி குற்றம். ஆனால் எத்தனையோ வயோதிகர்கள் தங்கள் சொந்தக் கட்டிலில் கண்ணை மூடியதற்கு இந்தக் குற்றம் ஒரு காரணம் என்பதையும் மறைக்க முடியாது. தங்களுக்கு இப்படி ஒரு சலுகை இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. தெரியாமலே நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

நிழல் கொடுத்த மரத்தில் புழு இருந்தது. நகரத்தின் மதிப்பீட்டு அதிகாரியான ரஸ்ஸல் வோல்டன், வியாபாரச் சொத்துக்காரர்கள் சிலருக்கு மட்டும் மதிப்பைக் குறைத்துக் கொடுப்பதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அவர்கள் குறிப்பிட்ட ஒரு வரி ஆலோசகரிடம் போகவேண்டும். ஆலோசகருக்குக் கூலி கொடுக்கவேண்டும். அந்தக் கூலியில் ஒரு பகுதி சுற்றி வளைத்து அதிகாரியின் பைக்கு வந்து சேரும். 1965-ல் அந்த ஆலோசகரிடம் வேலை பார்த்த ஒருவர் காகிதங்களை எடுத்துக்கொண்டு போய்ப் பத்திரிகையிடம் கொடுத்துவிட்டார். ஊர் சிரித்தது. விசாரணை மற்ற ஜில்லாக்களுக்கும் பரவியது. 1966-ல் வோல்டன் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. மாகாணச் சட்டசபை விழித்துக்கொண்டது. நிக்கோலஸ் பெட்ரிஸ், ஜான் நாக்ஸ் என்ற இரு உறுப்பினர்கள் கொண்டுவந்த மசோதா அதே 1966-ல் சட்டமாயிற்று. வீடோ, தொழிற்சாலையோ, எந்தச் சொத்தாயிருந்தாலும் சந்தை விலையில் நூற்றுக்கு இருபத்தைந்து என்று ஒரே மாதிரி மதிப்பிடவேண்டும். 1971-க்குள் எல்லா ஜில்லாக்களும் அந்த அளவுக்கு வந்துவிட வேண்டும் என்று அது கட்டளையிட்டது. இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அதிகாரியின் தயவுக்கும் கோபத்துக்கும் இடமில்லாத நேர்மையான சட்டம். அந்த நேர்மை நடைமுறைக்கு வந்தபோது வியாபாரக் கட்டடங்களின் வரி குறைந்தது. வீடுகளின் வரி ஏறியது. லஞ்சம் கொடுத்துக் குறைத்துக்கொண்ட கம்பெனிகளுக்கு இனி லஞ்சமும் மிச்சம். ஒன்றும் அறியாத கிழவிக்கு மட்டும் தண்டனை. கார்களில் சீட்டு ஒட்டியது இதனால்தான்.

வயோதிகர்களைச் சட்டசபை அடியோடு மறந்துவிட்டது என்றும் சொல்லக்கூடாது. இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமான காரியத்தைச் செய்தது வடக்கே விஸ்கான்ஸின் மாகாணம். 1964-ல் அங்கே ஒரு சட்டம் செய்தார்கள். வருமானம் குறைந்த வயோதிகரின் வீட்டு வரி, அவர் வருமானத்தில் ஒரு அளவைத் தாண்டினால், தாண்டிய தொகையில் ஒரு பகுதியை மாகாண சர்க்கார் திருப்பிக் கொடுத்துவிடும். வாடகைக்கு இருப்பவரின் வாடகையிலும் ஒரு பகுதி வரிதான் என்று ஒப்புக்கொண்டு, அவருக்கும் பங்கு கொடுத்தார்கள். மின்சாரம் மிதமிஞ்சிப் பாய்ந்தால் வீடு பற்றிக்கொள்ளாமல் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம் இருக்கிறதல்லவா? அதன் பெயரையே இந்த ஏற்பாட்டுக்கும் வைத்து, 'சர்க்யூட் பிரேக்கர்' என்றார்கள். யாருக்குக் கஷ்டமோ அவருக்கு உதவி. யாருக்குக் கஷ்டம் இல்லையோ அவர் வரியைக் கட்டட்டும். இதைவிட எளிமையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பல மாகாணங்கள் பின்பற்றின.

கலிபோர்னியாவும் 1967-ல் வயதான ஏழை வீட்டுக்காரர்களுக்கு வரியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் சட்டம் ஒன்றைச் செய்தது. பிற்காலத்தில் அந்தச் சட்டத்துக்குச் சூட்டிய பெயர்களில் பெட்ரிஸின் பெயரும் ஒன்று. தம் நேர்மை யார் தலையில் விழுந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும் போலும். 1977-ல் இன்னொன்றும் செய்தார்கள். 62 வயதான, வருமானம் குறைந்த வீட்டுக்காரரின் வரியை மாகாணமே கட்டிவிடும். அந்தத் தொகை வட்டியோடு வீட்டின்மேல் கடனாக நிற்கும். வீடு விற்கப்படும்போதோ, சொந்தக்காரர் காலமான பிறகோ வசூலித்துக்கொள்ளும். ஆனால் அதற்குள் தண்ணீர் தலைக்கு மேல் போய்விட்டது.

1970-களின் நடுவில் கலிபோர்னியாவில் வீட்டு விலை ஏறிய வேகத்தைப் பார்த்து வீட்டுக்காரர்களே பயந்தார்கள். 1974-க்கும் 1978-க்கும் இடையில் விலை ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. அப்போது வீட்டு வரி சராசரியில் சந்தை விலையில் நூற்றுக்கு இரண்டே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. 30,000 டாலர் வீட்டுக்கு வருஷத்துக்கு 800 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வீடு, அதே கூரை, அதே ஒழுகல். விலை 60,000 ஆனதும் வரி 1,600. பழைய அதிகாரியாயிருந்தால் ஏட்டைத் திருத்தாமல் விட்டிருப்பார். இப்போது வந்திருப்பவரோ சட்டப்படி நடக்கிறவர். ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர்கள் வரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்தார்கள்.

இதில் மன்னிக்க முடியாத ஒன்றும் உண்டு. அந்தச் சமயத்தில் மாகாண சர்க்காரின் கஜானாவில் சுமார் 500 கோடி டாலர் உபரியாகக் குவிந்து கிடந்தது. விலைவாசியோடு சம்பளமும் ஏற, சம்பளத்தோடு வருமான வரியும் ஏறிக் குவிந்த பணம். சட்டசபை 1977 முழுவதும் வீட்டு வரி நிவாரணத்தைப் பற்றிப் பேசிற்று. ஏழை வீட்டுக்காரருக்கு மட்டுமா, எல்லோருக்குமா, எவ்வளவு என்று பேசிப் பேசி, ஒன்றும் செய்யாமல் கலைந்து போயிற்று. அந்த ஓராண்டுப் பேச்சுக்குக் கலிபோர்னியா கொடுத்த விலை இன்னும் தீரவில்லை.

இந்த இடத்தில்தான் ஹோவர்ட் ஜார்விஸ் வருகிறார். யூடா மாகாணத்தில் 1903-ல் பிறந்தவர், பத்திரிகைகள் நடத்தியவர், தொழிற்சாலை வைத்துப் பணம் பண்ணி, அறுபது வயதை நெருங்கியபோது ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தேர்தல்களில் நின்று தோற்றார். வீட்டு வரியைக் குறைக்க மனுக்களுக்குக் கையெழுத்துத் திரட்டித் தோற்றார். குரல் கரகரப்பு, பேச்சு முரட்டுத்தனம், மேடையில் மூக்கு சிவக்கக் கத்துவார். பரிகசித்தார்கள். அவர் சளைக்கவில்லை. வரியால் வீட்டை இழக்கும் முதியவர்களைப் பற்றி அவர் பேசும்போது கூட்டத்தில் இருந்த முதியவர்களுக்கு, தங்களுக்காகப் பேச ஒருவன் வந்துவிட்டான் என்று தோன்றியது. அவரே எழுபதைத் தாண்டியவர் அல்லவா?

அவர் சம்பளம் வாங்கியது வேறு இடத்தில். லாஸ் ஏஞ்சலிஸ் ஜில்லாவில் வாடகைக் குடியிருப்புகளின் சொந்தக்காரர்கள் வைத்திருந்த சங்கத்துக்கு அவர் நிர்வாகி. இதை ஒரு மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. மனிதர் மனப்பூர்வமாகவே வரியை வெறுத்தார் என்று நினைக்கிறேன். ஆனால் கதாசிரியனுக்கு இப்படிப்பட்ட விவரம் கண்ணில் பட்டால் அடிக்கோடு போடாமல் இருக்க முடியாது.

ஜார்விஸும், வடக்கே ஸாக்ரமெண்டோவில் இருந்த பால் கான் என்பவரும் சேர்ந்து ஒரு மனு எழுதினார்கள். கலிபோர்னியாவில் போதிய கையெழுத்து இருந்தால் ஜனங்களே அரசியல் சட்டத்தைத் திருத்தலாம். ஐந்து லட்சம் கையெழுத்து இருந்தாலே போதும். பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் வந்து குவிந்தது. அந்த மனுவுக்குக் கிடைத்த எண் 13. கவர்னர் ஜெர்ரி பிரவுன் எதிர்த்தார். ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. பெரிய கம்பெனிகள் சிலவுங்கூட எதிர்த்தன. பயந்துபோன சட்டசபை அவசரமாக ஒரு மாற்றுத் திட்டத்தை அதே வாக்கெடுப்பில் வைத்தது. வாக்கெடுப்புக்குச் சில வாரங்களுக்கு முன், லாஸ் ஏஞ்சலிஸ் ஜில்லாவின் புதிய மதிப்பீடுகள் வெளியாயின. தம் வீட்டு மதிப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு அதற்குப் பிறகு பிரசாரமே வேண்டியிருக்கவில்லை. 1978 ஜூன் 6-ந் தேதி, நூற்றுக்கு ஏறக்குறைய அறுபத்தைந்து பேர் ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள்.

அந்தத் திருத்தத்தை நான் வாசித்துப் பார்த்தேன். சிறியதுதான். வரி, சொத்தின் மதிப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. மதிப்பு 1975-ல் இருந்த நிலைக்குத் திரும்பவேண்டும். அதற்குப் பிறகு வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் அது ஏறக்கூடாது. கை மாறினால் மட்டும், விற்ற விலையே புது மதிப்பு. மாகாண வரியை ஏற்றுவதென்றால் சட்டசபையில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். இவ்வளவுதான் சாரம்.

திரும்பத் திரும்பத் தேடினேன். வயோதிகர் என்ற வார்த்தையையே காணோம்! ஏழை என்ற வார்த்தையும் இல்லை. எந்தக் கிழவியின் பெயரைச் சொல்லி ஊர் ஊராக ஓட்டுக் கேட்டார்களோ, அந்தக் கிழவிக்கு அதில் தனியாக ஓர் இடம் இல்லை. வயதுக்குப் பதில் வீடு வாங்கிய தேதியை வைத்தார்கள். வெகுநாள் முன்னால் வாங்கியவர் எவரோ அவருக்குச் சலுகை. அவர் எண்பது வயது விதவையாயிருந்தாலும் சரி, நாற்பது மாடிக் கட்டடமாயிருந்தாலும் சரி.

விதவைக்கு நன்மை கிடைக்கவில்லையா என்றால், கிடைத்தது, நிச்சயமாகக் கிடைத்தது. 1978-ல் அந்த ஓட்டுக்குப் பிறகு அநேக முதியவர்கள் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். அதைச் சிறிய விஷயம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. சாகும்வரை இந்த வீட்டிலிருந்து யாரும் நம்மை எழுப்ப முடியாது என்ற நம்பிக்கைக்கு விலை சொல்ல முடியுமா? ஆனால் விலை இருக்கத்தான் செய்தது. வேறு யாரோ கொடுத்தார்கள். ஸ்தல ஸ்தாபனங்களின் வீட்டு வரி வருமானம் ஒரே அடியில் பாதிக்கு மேல், சுமார் 700 கோடி டாலர், குறைந்தது. அந்தக் கோடைகாலத்திலேயே பல ஊர்களில் பள்ளிக்கூடங்களின் கோடை வகுப்புகள் ரத்தாயின. குவிந்து கிடந்த உபரியை எடுத்துக் கொடுத்து மாகாணம் கொஞ்ச காலம் ஒட்டுப் போட்டது. வரிக் குறைப்பின் பெரும் பகுதி குடியிருக்கும் வீட்டுக்காரருக்குப் போகவுமில்லை. வாடகைக் கட்டடங்களுக்கும் கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நிலங்களுக்கும் போயிற்று.

வாடகைக்கு இருந்த முதியவர்களின் கதியைக் கேளுங்கள். வரி குறைந்தால் வாடகையும் குறையும் என்று பிரசாரத்தில் சொன்னார்கள். குறையவில்லை, ஏறியது. கோபம் கொண்ட குடித்தனக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரசபை 1978-லேயே வாடகையை நிறுத்தி வைத்தது. அடுத்த வருஷம் ஸாண்டா மோனிகாவில் ஜனங்களே ஓட்டுப் போட்டு வாடகைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். வாடகை வீட்டுக் கிழவியையும் கணக்கில் சேர்த்த விஸ்கான்ஸின்காரர்களை இங்கே நினைத்துக்கொண்டேன்.

ஜார்விஸ் ஒரே நாளில் தேசப் பிரசித்தர் ஆனார். 1980-ல் வந்த 'ஏர்ப்ளேன்' என்ற ஹாஸ்யப் படத்தில் தலைகாட்டினார். டாக்ஸியில் ஏறி உட்கார்ந்த பிரயாணியை விட்டுவிட்டு டிரைவர் விமானத்தில் போய்விடுகிறான். மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிரயாணி படம் முடியும்வரை உட்கார்ந்தே இருக்கிறார். அந்தப் பிரயாணிதான் ஜார்விஸ். ஒரு காசு அதிகம் கேட்டாலும் சண்டைக்கு வரும் மனிதரை ஓடும் மீட்டருக்கு முன்னால் உட்கார வைத்தவன் நல்ல ரசிகன். ஜார்விஸ் 1986-ல் காலமானார்.

1988-ல் லாஸ் ஏஞ்சலிஸில் வாடகைக்கு இருந்த ஒரு பெண், பால்ட்வின் ஹில்ஸ் என்ற பகுதியில் சாதாரண வீடு ஒன்றை 1,70,000 டாலருக்கு வாங்கினார். வரி 1,700 டாலர் வந்தது. அதே மாதிரி வீட்டில் 1975-க்கு முன்பிருந்தே இருக்கும் அண்டை வீட்டுக்காரர்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் கட்டினார்கள். மாலிபு கடற்கரையில் இருபது லட்சம் டாலருக்கு மேல் பெறும் மாளிகையின் பழைய சொந்தக்காரரும், இவரும் ஏறக்குறைய ஒரே தொகைதான் கட்டவேண்டியிருந்தது. அவர் கோர்ட்டுக்குப் போனார். 'நார்ட்லிங்கர் எதிர் ஹான்' என்ற அந்த வழக்கில் 1992-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், திருத்தம் செல்லும் என்றது. குடியிருப்புகள் நிலையாக இருப்பதை ஒரு மாகாணம் விரும்பலாம். பழைய சொந்தக்காரர் எதிர்பார்த்திராத வரி உயர்விலிருந்து அவரைக் காப்பாற்றலாம். புதிதாக வாங்குகிறவர் வரியைத் தெரிந்துகொண்டுதானே வாங்குகிறார் என்று நீதிபதிகள் காரணம் சொன்னார்கள். ஸ்டீவன்ஸ் ஒருவர்தான் மாறுபட்டார். சட்டப்படி பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னது சரியாகவே இருக்கலாம். எனக்கு மனம் அந்த ஒருவரோடுதான் போகிறது.

இன்னொரு விபரீதமும் விளைந்தது. பிள்ளைகள் போய், துணையும் போய், ஐந்து அறைகளில் ஒருத்தி தனியாக இருக்கிறாள். மாடிப்படி ஏற முடியவில்லை. மகள் இருக்கும் பக்கமாகச் சின்ன வீடு ஒன்று வாங்கிக்கொண்டு போகலாம் என்றால், புது வீட்டுக்குப் புது விலைப்படி வரி. பெரிய வீட்டுக்குக் கட்டுவதைவிடச் சின்ன வீட்டுக்கு அதிகம் கட்டவேண்டும்! வீட்டிலிருந்து எழுப்பாமல் காப்பாற்ற வந்த சட்டம், அவளை வீட்டிலிருந்து எழுந்திருக்கவே விடவில்லை. இதற்குப் பரிகாரமாக 1986-ல் ஒரு திருத்தம் செய்தார்கள். 55 வயதானவர்கள் அதே ஜில்லாவுக்குள், அதே விலைக்கோ குறைந்த விலைக்கோ வேறு வீடு வாங்கினால், பழைய மதிப்பைக் கையோடு எடுத்துப் போகலாம். வயது என்ற விஷயம் சட்டத்துக்குள் நுழைய எட்டு வருஷம் ஆயிற்று. அதே வருஷம் இன்னொரு திருத்தமும் நிறைவேறியது: பெற்றோரின் வீடு பிள்ளைக்கு வந்தால் பழைய மதிப்பும் கூட வரும். பிள்ளை அதில் குடியிருக்கவேண்டும் என்றுகூட நிபந்தனை இல்லை. வாடகைக்கு விட்டுவிட்டுத் தாய் கட்டிய வரியையே மகனும் கட்டலாம். தாயின் தள்ளாமைக்காகக் கொடுத்த சலுகை மகனின் சீதனமாயிற்று.

1975-ல் 40,000 டாலர் மதிப்பிட்ட வீடு, வருஷம் நூற்றுக்கு இரண்டு என்று முழுதாக ஏறினாலும், 2020-ல் ஒரு லட்சத்தைத் தொடவில்லை என்று நானே காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வரி ஆயிரம் டாலருக்குள். எத்தனையோ தெருக்களில் பக்கத்து வீட்டைப் புதிதாக வாங்கிய இளம் தம்பதிகள் அதைப்போலப் பத்து மடங்கு கட்டுகிறார்கள். மனிதர்களாவது என்றைக்கேனும் விற்பார்கள், சாவார்கள். கம்பெனிக்குச் சாவு இல்லை. பங்குகள் தினம் கைமாறினாலும், பாதிக்கு மேல் ஒரே கைக்குப் போனாலொழியச் சொத்து கைமாறியதாகக் கணக்கில்லை.

1977-ல் செய்த அந்த நல்ல ஏற்பாடு, மாகாணமே வரியைக் கட்டிவிட்டு வீட்டின்மேல் கடனாக எழுதிக்கொள்வது என்னவாயிற்று? 2009-ல் சர்க்காருக்குப் பணமுடை வந்தபோது அதை நிறுத்தினார்கள். 2016-ல்தான் மறுபடியும் மனுக்களை வாங்க ஆரம்பித்தார்கள். உண்மையில் ஏழையும் முதியவருமாக இருந்தவர்களுக்கென்றே இருந்த திட்டத்துக்கு ஏழு வருஷம் பூட்டு. 13-ம் எண்ணைத் தொட மட்டும் எந்தக் கவர்னருக்கும் துணிச்சல் வரவில்லை.

2020 நவம்பரில் ஒரே வாக்குச் சீட்டில் இரண்டு கேள்விகள் வந்தன. 19-ம் எண், முதியவர்கள் மாகாணத்தின் எந்த ஜில்லாவுக்கும், மூன்று தடவை வரைக்கும், தங்கள் பழைய மதிப்போடு வீடு மாறலாம் என்றது. பெற்றோர் வீட்டில் பிள்ளைகள் தாங்களே குடியிருந்தாலொழிய அந்த மதிப்பு அவர்களுக்கு வராது என்றும் சொன்னது. வீடு விற்பனைத் தரகர்களின் சங்கம் அதற்குப் பணம் கொடுத்தது. வீடுகள் கைமாறினால்தானே தரகு? சிறிய வித்தியாசத்தில் அது நிறைவேறியது. 15-ம் எண், பெரிய வியாபாரச் சொத்துக்களை மட்டும் மறுபடியும் சந்தை விலைப்படி மதிப்பிடவேண்டும் என்றது. வீடுகளுக்கு அதில் சம்பந்தமே இல்லை என்று எழுத்திலேயே இருந்தது. ஆனால் எதிர்த்தவர்கள், இன்று கடைகளுக்கு வந்தது நாளை உங்கள் வீட்டுக்கு வரும் என்று வீட்டுக்காரர்களிடம் போய்ச் சொன்னார்கள். 52-க்கு 48 என்று அது தோற்றுப்போயிற்று.